"வழியில் இருக்கிறது": நைரோபியில் ஆறு வருடம் வெளியே சாப்பிட்டவனின் புலம்பல்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் வந்தான். அவனைக் கம்பெனி கென்யாவுக்கு, நான் இருக்கும் நைரோபிக்கு மாற்றியிருக்கிறதாம், அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறானாம். "எங்கேடா சாப்பிடுறது, ஒரு லிஸ்ட் போடு" என்றான். நானும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பத்து வரி போவதற்குள் அது புகார் மனு ஆகிவிட்டது. சரி, மனுவையே முழுசாக எழுதிவிடுகிறேன்.

இந்த ஊரில் என்னென்ன கிடைக்கும் என்று சொல்லப் போவதில்லை. தோசையிலிருந்து பீட்சா வரை எல்லாம் கிடைக்கும், கூகுளில் தட்டினால் வந்து விழும். நான் பேசப்போவது ஒரே விஷயம்: காத்திருப்பு. ஆறு வருடத்தில் இந்த ஊரில் நான் சாப்பிட்ட நேரத்தைவிட, சாப்பாட்டுக்காக மேஜையில் தாளம் போட்ட நேரம்தான் அதிகம்.

ஞ்யாமா சோமா பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஞ்யாமா என்றால் இறைச்சி, சோமா என்றால் சுட்டது. கடை வாசலில் ஆடு தொங்கும். நீங்கள் போய்த் தொடையோ விலாவோ கையைக் காட்டினால், வெட்டி, தராசில் போட்டு, அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று கேட்டு அப்படியே கரி அடுப்புக்கு அனுப்புவார்கள். கிலோ இப்போது பல இடங்களில் ஆயிரம் ஷில்லிங்கைத் தொட்டுவிட்டது. அதில்கூட எனக்கு வருத்தமில்லை. இதற்குப் பிறகு நடப்பதில்தான் வருத்தம், ஏனென்றால் இதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காது. ஒரு மணி நேரம். சில நாள் ஒன்றேகால். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "இக்கோ ஞ்ஜியானி." வழியில் இருக்கிறது. எந்த வழியில் ஐயா? அடுப்பு இதோ பதினைந்தடி தூரத்தில் என் கண்ணுக்கு முன்னால் புகைந்துகொண்டிருக்கிறது. எங்கோ கடற்கரையில் இருக்கும் மொம்பாசாவிலிருந்து லாரியிலா வருகிறது?

முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டால் நாம் போய்ச் சேரும்போது தயாராக இருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பண்ணினேன். "இப்போதே நெருப்பில் போடுகிறேன் பாஸ்" என்றார் கடைக்காரர். மதிய நெரிசலில் மிதந்து ஐம்பது நிமிடம் கழித்துப் போய் இறங்கினால் ஆடு கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. "வருவீர்களோ மாட்டீர்களோ என்று விட்டுவைத்தேன்" என்று சிரித்தார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, சுட்ட கறியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். இதை இன்று எழுதுகிறேன். அன்று இந்த நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் முன்பு அம்மா வந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குப் போய் ஆர்டர் கொடுத்தோம். ஒன்றே காலுக்கு நான் மூன்றாவது முறையாகக் கேட்க, பையன் வழக்கம்போல "இக்கோ ஞ்ஜியானி" என்றான். "என்னடா, இஞ்சி இருக்கான்னா கேக்குறான்?" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து என் ஓட்டை ஸ்வாஹிலியில் கத்தினேன். வயதானவள், நோயாளி, இப்படியா உட்காரவைப்பது என்று கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டேன். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. "போலே, ஷோஷோ" என்றான், என்னிடம் அல்ல, அம்மாவிடம். போலே என்றால் வருந்துகிறேன், ஷோஷோ என்றால் பாட்டி. உள்ளே போய் ஒரு பெரிய கோப்பையில் ஆட்டெலும்பு சூப் கொண்டுவந்து வைத்தான், மேலே கொத்தமல்லி மிதந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மிளகு இல்ல, சீரகம் இல்ல, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றாள். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினாள்.

அப்புறம் ஒரு பெண் கூஜாவில் வெதுவெதுப்பான தண்ணீரும் கீழே பிடிக்க ஒரு பேசினுமாக வந்து எங்கள் கையில் ஊற்றிக் கழுவவிட்டாள். இது எல்லா சோமா கடையிலும் உண்டு. "நம்ம ஊர் கல்யாணத்துலகூட வெந்நீர் ஊத்த மாட்டானுவளே" என்று அம்மா அசந்துபோனாள். கடைசியில் கறி வந்தது. தட்டு கிடையாது, ஒரு மரப்பலகைதான். நம் கண் முன்னால் பெரிய கத்தியால் துண்டு போட்டு, பலகை ஓரத்தில் ஒரு குவியல் உப்பு, பக்கத்தில் தக்காளியும் வெங்காயமும் நறுக்கிய கச்சும்பரி, நம் களியைப்போல் கெட்டியாகக் கிண்டிய வெள்ளைச் சோள உகாலி. மசாலா என்று ஒரு சிட்டிகை கிடையாது. கொழுப்பு ஓரம் மொறுமொறுவென்று, எலும்பை ஒட்டிய இடம் ஈரமாக. அம்மாவின் பல்செட் ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் கடைசித் துண்டு வரை அவள் விடவில்லை.

தாமதத்துக்குக் காரணமும் இருக்கிறது. கரியைத் தணலாக விட்டு மெதுவாகச் சுடாவிட்டால் வெளியே கருகி உள்ளே ரத்தம் நிற்கும். மசாலாவில் ஊறாத ஆட்டுக்கறி, அதை அவசரப்படுத்த முடியாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். என் கோபம் ஒரு மணி நேரத்தின் மேல் இல்லை, ஒரு மணி நேரம் ஆகும் என்று யாருமே சொல்லாததன் மேல். கேட்டால் "பத்து நிமிடம்" என்பார்கள். ஆனால் பணம் கட்டும்போது பாருங்கள், சுவரில் எழுதியிருக்கும் எம்பெசா எண்ணைப் போனில் தட்டினால் ஐந்து நொடியில் போய்விடும். 2007லேயே போனில் பணம் அனுப்ப ஆரம்பித்த ஊர் இது!

அவசரமாகப் பசித்தால் கிபாண்டாவுக்குப் போங்கள். கட்டிட வேலை நடக்கும் இடம், பஸ் நிற்கும் இடம் எதுவானாலும் பக்கத்தில் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, கரி அடுப்பு, ஒரு அம்மா. அங்கே கிடைக்கும் சப்பாத்திதான் இந்த ஊர் எனக்குக் கொடுத்த எதிர்பாராத சந்தோஷம். ரயில்பாதை போட 1896இலிருந்து இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள், நைரோபியே 1899இல் அந்த ரயில்வேக்காரர்கள் போட்ட முகாமிலிருந்து வளர்ந்த ஊர்தான். சப்பாத்தி இந்தியர்களோடு வந்தது. ஆனால் இங்கே வந்தபிறகு அது வேறு பிறவி எடுத்துவிட்டது. மைதா மாவு, எண்ணெய் தடவிச் சுருட்டி, மறுபடி தேய்த்து, கல்லில் எண்ணெய் விட்டுச் சுடுகிறார்கள். பேர் சப்பாத்தி, பிய்த்தால் ஏடு ஏடாக வரும், நம் பரோட்டாவுக்குத் தங்கச்சி. பல வீடுகளில் முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்குத்தான் சுடுவார்களாம், அலுவலகத்தில் சொல்வார்கள். தொட்டுக்கொள்ள மடோண்டோ என்ற பீன்ஸ் குழம்பு, அல்லது ண்டெங்கு. முதல் தடவை "டெங்கு இருக்கு, வேணுமா" என்று என் காதில் விழுந்து ஒரு நிமிடம் ஆடிப்போனேன். பச்சைப்பயறுதான். ஒரு சப்பாத்தி 20, 30 ஷில்லிங். உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் தட்டு கையில் இருக்கும். சோடா கேட்டால் "பரிடி ஆமா மோட்டோ?" என்பார்கள், குளிரா சூடா என்று. சூடு என்றால் கொதிக்கவைப்பதில்லை, பிரிட்ஜில் வைக்காதது, அவ்வளவுதான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு திலாப்பியா மீன் பொரித்துச் சாப்பிட கிமாத்தி தெருவில் கொசேவே, கிலிமானியில் மாமா ஒலியெச். 2016இல் ஜக்கர்பெர்க் வந்து மீன் சாப்பிட்ட கடை இந்த மாமா ஒலியெச்தான், அதற்கு முன்பும் அங்கே கூட்டம்தான். ஈஸ்ட்லியில் சோமாலிக்காரர்கள் கடையில் ஒட்டகக்கறியும் சோறும், சோற்றோடு ஒரு வாழைப்பழமும் வைப்பார்கள், பழம் கடைசியில் சாப்பிட அல்ல, சோற்றில் பிசைந்துகொள்ள. நண்பனின் மனைவி சைவம் என்பதால் எத்தியோப்பியக் கடைகள் அவசியம். புதன், வெள்ளி அவர்களுக்கு நோன்பு, அன்று பருப்பு, கீரை, கோஸ் எல்லாம் இன்ஜெரா என்ற புளித்த மாவு தோசையின் மேல் வட்டமாக வைத்துத் தருவார்கள், பால் நெய்கூட இருக்காது. கார்னிவோர் என்ற கறி உணவகம் 1980இலிருந்து இருக்கிறது, வரிக்குதிரையெல்லாம் பரிமாறியது பழைய கதை, இப்போது முதலை, நெருப்புக்கோழியோடு சரி. மேஜையில் இருக்கும் கொடியைச் சாய்க்கும்வரை கறி வந்துகொண்டே இருக்கும். விருந்தாளிகளைக் கூட்டிப்போக நல்ல இடம், ஒருமுறை போதும். பார்க்லாண்ட்ஸ் பக்கம் ஒரு இடத்தில் நீங்கள் உட்காரும் முன்பே ஏழெட்டுப் பேர் மெனுவோடு சூழ்ந்துகொள்வார்கள். ஆர்டர் கொடுத்தபின் அதில் ஒருவர் முகம்கூடத் தென்படாது.

மதிப்பெண் கேட்டால் சோமா கடைகளுக்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன், அதுவும் சூப்புக்காக. கிபாண்டாவுக்கு ஐந்துக்கு ஐந்து.

டேய், நீ வந்து இறங்குகிற முதல் ஞாயிறு சோமாவுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இட்லி கொடுத்துக் கூட்டிவா, தங்கச்சிக்கு வழியில் சப்பாத்தி வாங்கிக்கொள்ளலாம். பதினொன்றுக்கு அங்கே இருந்தால் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடலாம்.