8*8 கல்லும் எக்செல் ஸ்டாரும்: எந்த வழியை நம்பலாம்?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றின் எக்செல் ஸ்டாக் கணக்கைக் காரைக்குடியில் உட்கார்ந்து நான் பார்க்கிறேன். அங்கே அளவை எல்லாரும் 8*8, 10*10 என்றுதான் எழுதுவார்கள். கூடத்துக்கு நடுக்கல்லும் கரைக்கல்லும் சேர்த்து யாராவது கேட்டால், அதே கட்டத்தில் "8*8 கரை 4*8" என்று ஏறிவிடும். ஒருநாள் பட்டறை அண்ணன் போனில் கேட்டார்: "தம்பி, 8*8-ல வெறும் 400 கல்லுதானே கிடக்கு, 550-ன்னு எப்படி வருது?"

காரணம் சம்இஃப், அதாவது நிபந்தனைக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் கூட்டும் ஃபார்முலா. நிபந்தனையில் "8*8" என்று கொடுத்தால், 8-ல் தொடங்கி 8-ல் முடிகிற எதையும் எக்செல் சேர்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் ஸ்டாருக்கு (*) அங்கே 'என்ன வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று பொருள். இப்படிப்பட்ட குறிக்கு வைல்டுகார்டு என்று பெயர்; கேள்விக்குறியும் ஒன்று, ஆனால் அது ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும். "8*8 கரை 4*8" என்று இருந்த 150-ம் அதனால்தான் உள்ளே வந்தது. பட்டியலில் தேடி விலை எடுத்துத் தரும் வீலுக்அப் இதைவிட ஆபத்து. கடைசியில் 0 போட்டு 'சரியாகப் பொருந்தணும்' என்று சொன்னாலும் ஸ்டாரை வைல்டுகார்டாகவே படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். விலைப் பட்டியலில் கரை வரி மேலே இருந்தால் தனிக்கல்லுக்கு அந்த விலை வந்து உட்காரும். எரர் எதுவும் காட்டாது என்பதால் பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

இதைச் சமாளிக்க நான் எல்லா வழியும் பார்த்துவிட்டேன்.

முதல் வழி ~ குறி. "8~*8" என்று எழுதினால் ஸ்டார் வெறும் ஸ்டாராகிவிடும். கேள்விக்குறிக்கு ~?, அந்தக் குறிக்கே ~~. ஒரே ஒரு அளவைக் கையால் தட்டித் தேடுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் அளவு இன்னொரு செல்லில் இருந்து வரும்போது, அந்தச் செல்லில் போய் ~ போட்டு வைக்க முடியாது.

அதற்குத்தான் ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட். தேடும் அளவு ஏ2-ல் இருந்தால், அதில் உள்ள ஸ்டாரை ஃபார்முலாவுக்குள்ளேயே ~* ஆக மாற்றிக் கொடுக்கலாம். மூன்று குறியையும் மாற்றுவதானால் முதலில் ~ குறியை ~~ ஆக்கிவிட்டு, பிறகுதான் ஸ்டாரையும் கேள்விக்குறியையும் தொட வேண்டும். வரிசை மாறினால், நாமே புதிதாகப் போட்ட ~ குறியும் இரட்டிப்பாகி எல்லாம் பாழ். சரியாக வேலை செய்கிற வழிதான். ஆனால் மூன்றடுக்கு ஃபார்முலாவை ஆறு மாசம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தால் தலைகால் புரியாது.

மூன்றாவது, டேட்டாவையே மாற்றுவது: ஸ்டாருக்குப் பதில் × குறி. கேட்க நன்றாக இருக்கும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ~* என்று தேடாமல் வெறும் * போட்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் எழுதியிருந்த அத்தனை செல்லும் ஒற்றை × ஆகிவிடும். எனக்கு நடந்தது, அன்டூ இருந்ததால் தப்பித்தேன். சரியாகவே மாற்றினாலும் நிலைக்கவில்லை. × குறி கீபோர்டில் கிடையாது. தமிழ் லேஅவுட்டில் பெயர் அடித்துக்கொண்டிருக்கிறவர் கை நம்பர் பேடில் இருக்கும் ஸ்டாருக்குத்தான் போகும்.

என் ஓட்டு சம்ப்ராடக்டுக்கு: =சம்ப்ராடக்ட்(--(பி2:பி3000=ஏ2),சி2:சி3000). பி-யில் அளவு, சி-யில் எண்ணிக்கை. முன்னால் உள்ள -- பொருந்தினால் 1, இல்லாவிட்டால் 0 ஆக்கும்; அதை எண்ணிக்கையோடு பெருக்கிக் கூட்டுவதுதான் சம்ப்ராடக்ட். வெறும் சமக்குறிக்கு வைல்டுகார்டு என்றால் என்னவென்றே தெரியாது; 8*8 என்றால் 8*8 மட்டும்தான். 550 அன்றைக்கே 400 ஆனது. இரண்டு பகுதிக்கும் நடுவில் பெருக்கல் குறி போடாமல் காற்புள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கைக் கட்டத்தில் யாராவது "பாக்கி" என்று எழுதியிருந்தால் பெருக்கல் எரர் தரும், காற்புள்ளி அதைத் தாண்டிப் போகும். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை மட்டும் ட்ரிம் போட்டு எடுத்துவிட வேண்டும். முழு நெடுவரிசையையும் கொடுத்தால் ஷீட் இழுக்கும், அதனால் வரி எண்ணோடு கொடுங்கள்.

விலை எடுக்க எக்ஸ்லுக்அப், வீலுக்அப்பின் புது வடிவம். அது தானாக வைல்டுகார்டைத் தொடாது. எப்படிப் பொருத்த வேண்டும் என்று சொல்லும் மேட்ச் மோடில் 2 கொடுத்தால் மட்டுமே தொடும். வீலுக்அப்பும் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. ஆனால் இதற்கு எக்செல் 2021-ஓ அதற்குப் பிந்தையதோ 365-ஓ வேண்டும். பட்டறை கம்ப்யூட்டரில் பழையது, அதனால் அங்கே வீலுக்அப்புக்குள் சப்ஸ்டிட்யூட்தான்.

எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸில் ஃபைலைத் திறக்கிறவர்கள் கால்குலேட் செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். வைல்டுகார்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன், இரண்டும் வேண்டாம் என்று மூன்று தேர்வு உண்டு. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது வேறொரு தேடல் மொழி; அதில் ஸ்டாருக்கு 'முன்னால் இருப்பது எத்தனை முறையும் வரலாம்' என்று பொருள். அங்கே "8*8" என்றால் வரிசையாக வரும் எட்டுகள் மட்டுமே. 88 பொருந்தும், நம்முடைய 8*8 பொருந்தாது. இரண்டையும் அணைத்துவிட்டால் சம்இஃப்பே போதும்.

வைல்டுகார்டை அடியோடு ஒதுக்கவும் நான் சொல்ல மாட்டேன். கரை சேர்ந்த ஆர்டரை எல்லாம் கூட்ட சம்இஃப்பில் "*கரை*" போல வசதி வேறில்லை. ஊர்ப்பெயரில் மட்டும் கவனம்: "காரை*" என்றால் காரைக்குடியோடு காரைக்காலும் வந்துவிடும். கேள்விக்குறி தமிழில் இன்னும் சிக்கல். காரைக்குடி நமக்கு ஐந்து எழுத்து. காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் எக்செலுக்குப் பத்து. ஐந்து கேள்விக்குறி போட்டுத் தேடினால் ஊரே கிடைக்காது, பத்து போட வேண்டும்.