புது டிசையரா, செகண்ட்ஸ் சிட்டியா: எட்டரை லட்சத்துக்கு எது சரி?

என் மச்சான் திருச்சியில இருக்கான், கையில அஞ்சரை லட்சம் இருக்கு மாமா, மிச்சத்துக்கு லோன் போட்டுக்கலாம், ஒரு செடான் (பின்னாடி தனி டிக்கி உள்ள கார்) வாங்கணும்னு வந்து நின்னான். வீட்ல அஞ்சு பேரு, அத்தைக்கு முட்டி வலி, ரெண்டு பிள்ளைங்க, மாசம் ரெண்டு தடவை பட்டுக்கோட்டை போய்ட்டு வரணும், போக வர இருநூறு கிலோமீட்டர் ஆயிடும், டவுன் ஓட்டத்தையும் சேர்த்தா வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டர் வரும். புது மாருதி டிசையர்ல விஎக்ஸ்ஐ மாடல் ஒரு பக்கம், 2018 மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் இன்னொரு பக்கம். மூணு வாரம் சனி ஞாயிறு ரெண்டு பேரும் இதுக்காகவே அலைஞ்சோம், அதுல பார்த்ததையும் நான் போட்ட கணக்கையும் எழுதுறேன், இதே குழப்பத்துல நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும்.

முதல்ல ஒரு விஷயம், செகண்ட்ஸ் வாங்கினா எப்பவும் லாபம்னு நம்ம அப்பா காலத்துலேர்ந்து சொல்லிட்டு வர்றாங்க இல்லையா, அந்தக் கணக்கு 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் அப்படியே பொருந்தாது. நாலு மீட்டருக்குள்ள நீளம், 1200 சிசிக்குள்ள பெட்ரோல் இன்ஜின் இருக்கிற வண்டிக்கு ஜிஎஸ்டி செஸ்ஸோட 29 சதவீதம் இருந்தது, அன்னிலேர்ந்து 18 ஆயிடுச்சு. டிசையர் மாதிரி வண்டியில மாடலைப் பொறுத்து அம்பதாயிரத்துக்கு மேல ஒரேயடியா இறங்கிச்சு. ஆனா பழைய வண்டி விக்கிறவங்க நிறைய பேர் இன்னும் பழைய ரேட்டையே சொல்லிட்டு இருக்காங்க, புதுசு இறங்கினா பழசும் இறங்கணும் இல்லையா, அதை நாமதான் வாயைத் திறந்து கேக்கணும்.

அந்த நாலு மீட்டர் கதை தெரியாதவங்களுக்கு: 2006 பட்ஜெட்ல சின்ன வண்டிக்குன்னு வரியைத் தனியா குறைச்சாங்க. 2008-ல வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம், அந்தச் சலுகையில வராது. 2012-ல பின்பக்கத்தை வெட்டி 3,995-க்குக் கொண்டு வந்தாங்க. அன்னிலேர்ந்து காம்பாக்ட் செடான்னாலே டிக்கி கொஞ்சம் குட்டையாத்தான் இருக்கும், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் எல்லாம் அதே அளவுக்குள்ள செஞ்ச வண்டிங்கதான். சிட்டி அந்த அளவுக்குள்ள அடங்காத வண்டி, அதனால புதுசா வாங்கினா வரி அதிகம், பழசா வாங்கும்போதுதான் அது நம்ம பட்ஜெட்டுக்குள்ள வருது.

இப்ப டிசையர். 2024 நவம்பர்ல வந்த புது மாடல், மூணு சிலிண்டர் 1.2 லிட்டர், 82 பிஎஸ், கம்பெனி சொல்ற மைலேஜ் மேனுவல்ல 24.79. டவுன்ல யாருக்கும் அது வராது, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் டவுனும் ஹைவேயும் கலந்து 18 எடுக்கிறாங்க, கணக்குக்கு நான் அதையே வச்சுக்கிட்டேன். முந்தின டிசையர்ல நாலு சிலிண்டர் இருந்தது, சிக்னல்ல நின்னா இன்ஜின் ஓடுறதே தெரியாது, இதுல நின்னா லேசா ஒரு அதிர்வு கால்ல தெரியுது. மச்சானுக்கு அது பெரிய விஷயமாப் படல, எனக்குப் பட்டது. டிக்கி 382 லிட்டர், அஞ்சு பேருக்குப் பட்டுக்கோட்டை போய் வர்ற மூட்டை முடிச்சுக்குப் போதும். சிஎன்ஜி எடுத்தா டிக்கியில சிலிண்டர் உக்காந்துடும், அப்புறம் சூட்கேஸ் வைக்க இடம் தேடணும், சிஎன்ஜிதான் வேணும்னா ரெட்டை சிலிண்டரைக் கீழ படுக்க வச்சிருக்கிற டிகோரைப் போய்ப் பாருங்க.

டிசையர் பக்கம் என்னை முழுசா சாய்ச்ச விஷயம் பாதுகாப்பு. வண்டியை மோத விட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கிற குளோபல் என்கேப்ல பெரியவங்களுக்கு அஞ்சு ஸ்டார் வாங்கின முதல் மாருதி இதுதான், ஆறு ஏர்பேக் பேஸ் மாடல்லேர்ந்தே வருது. சிட்டி நாலாவது தலைமுறை 2022-ல நாலு ஸ்டார் வாங்கிச்சு, அதைக் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா அது பழைய டெஸ்ட் முறை, ரெண்டு ஏர்பேக்கோட பண்ணது, 2022 ஜூலைக்கு அப்புறம் டெஸ்டைக் கடினமாக்கிட்டாங்க, அதனால அந்த நாலும் இந்த அஞ்சும் ஒரே பரீட்சையில எடுத்த மார்க் கிடையாது. பின்னாடி ரெண்டு பிள்ளைங்க உக்கார்ற வண்டியில இதை நான் லேசா விட மாட்டேன்.

சிட்டி ஏன் மனசுல நிக்குதுன்னா ஓட்டிப் பார்த்தாத்தான் புரியும். 1.5 ஐ-விடெக், நாலு சிலிண்டர், 119 பிஎஸ், தஞ்சாவூர் ரோட்ல ஒரு லாரியைத் தாண்டணும்னா மூணாவது கியர்ல போட்டு மிதிச்சா போதும், வண்டி யோசிக்காமப் போகுது. டிக்கி 510 லிட்டர். முக்கியமா பின் சீட்டு, அத்தையை உக்கார வச்சோம், முன் சீட்டுக்குக் கீழ காலை நீட்டி முட்டியை மடக்காம உக்காந்தாங்க, “இதுல மதுரை வரைக்கும்கூட வருவேன்டா தம்பி”ன்னாங்க. டிசையர்லயும் கால் இடம் குறை சொல்ற மாதிரி இல்லை, ஆனா மூணு பேர் உக்காந்தா தோள் இடிக்குது. ரெண்டு வண்டியிலயும் சீட்டு தாழ்வுதான், முட்டி வலி இருக்கிறவங்க இறங்கும்போது கதவு மேல் கைப்பிடியைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்கணும், இது செடான்ல உள்ள குறை, இதை மாத்த முடியாது.

பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் ஆனதுல பழைய வண்டி வாங்கப் பயப்படுறவங்க நிறைய. பயம் நியாயம்தான், 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டிங்க பல கம்பெனியில ஈ10-க்காக, அதாவது 10 சதவீத எத்தனாலுக்காகத்தான் செஞ்சது. ஹோண்டா மட்டும் 2009-லேர்ந்து வந்த தங்களோட வண்டிங்களோட பாகங்கள் ஈ20-ஐத் தாங்கும்னு அறிவிச்சிருக்கு, சிட்டியை லிஸ்ட்ல வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும், 13-னு வச்சுக்கிட்டேன்.

இனி நாங்க பார்த்த சிட்டி வண்டிங்க. முதல் வண்டி ஒரு கன்சல்டிங்ல (பழைய கார் விக்கிற கடை) நின்னது, பேர் வேண்டாம். வெள்ளைக் கலர், உள்ள புது சீட் கவர், புது மேட், ஏசி போட்டா நல்ல வாசனை, மச்சான் அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் குடுக்க பர்ஸை எடுத்துட்டான். நான் எங்க மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவர் இன்ஜின் பக்கமே போகல, டிரைவர் கதவைத் திறந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுன்னார். நாம தினம் போடுற பெல்ட் பாதிதான் வெளிய வரும், மிச்சம் உள்ள சுருட்டியே கிடக்கும் இல்லையா, அந்தக் கடைசி ஒரு முழம் வெளிய வந்தப்ப பழுப்பு நிறத்துல ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ துணி விறைப்பா இருந்தது, விரலால தேய்ச்சா மாவு மாதிரி மண்ணு வந்தது. அப்புறம் சீட்டை முன்னாடி தள்ளி சீட்டு ரெயில் போல்ட்டைக் காட்டினார், நாலும் துரு. டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி எடுத்தா குழியோட மூலையில காஞ்ச வண்டல். “வண்டி தண்ணியில நின்னிருக்கு தம்பி, வயரிங் எல்லாம் இனிமேத்தான் ஒண்ணொண்ணாப் போகும்”னார். 2023 டிசம்பர் ஆரம்பத்துல மிக்ஜாம்ல சென்னை, அதே மாசம் நடுவுல தூத்துக்குடி திருநெல்வேலின்னு எத்தனை வண்டி முங்குச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும், அதுல பல வண்டி கழுவித் தொடைச்சு வேற ஊருக்குப் போய் வித்துருக்கும். நம்பரை மட்டும் பார்த்து இது நம்ம ஊர் வண்டின்னு நம்பிடாதீங்க, பெல்ட்டை இழுங்க.

ரெண்டாவது வண்டி வங்கியில வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருத்தர் வீட்டு வண்டி, சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர். இது சுத்தமான வண்டி. கண்ணாடியில ஓரமா பொடி எழுத்துல தயாரிச்ச வருஷக் குறி இருக்கும், எல்லாக் கண்ணாடியும் ஒரே வருஷம் வந்தது, ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா அந்தப் பக்கம் அடி வாங்கிருக்கான்னு கேக்கணும். கதவுக் கீல் போல்ட்ல பெயிண்ட் உடையல, பட்டி பார்த்த இடம் எதுவும் இல்லை. டயர்ல கடைசி நாலு நம்பர் 2218-ன்னு இருந்தது, அதாவது 2018-ஓட 22-ஆவது வாரம், வண்டியோட வந்த டயரே, பட்டன் தேயலைன்னாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், நாலையும் மாத்தணும். சர்வீஸ் ஹிஸ்டரியை நம்பர் குடுத்து சர்வீஸ் சென்டர்ல கேட்டு வாங்கிப் பார்த்தோம், மீட்டர் ஒத்துப்போச்சு. அவர் சொன்ன விலை ஆறே கால்.

இங்கதான் பேப்பர்ல எழுதிப் பார்த்தோம். ஆறே கால் குடுத்து வாங்கினா டயர் நாலு 24,000, பேட்டரி, லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட், ஆயில் எல்லாம் சேர்த்து ஒரு 26,000, ஃபுல் இன்சூரன்ஸ் பதினேழாயிரம், பேர் மாத்துற செலவு மூவாயிரம், ஆக 70,000. கையில ஆறு தொண்ணூத்தஞ்சு. டிசையர் விஎக்ஸ்ஐ எக்ஸ்ஷோரூம் நாங்க கேட்டப்ப 7.20 லட்சத்தை ஒட்டி, தமிழ்நாட்ல அஞ்சுலேர்ந்து பத்து லட்சத்துக்குள்ள ரோடு டாக்ஸ் 13 சதவீதம், அதுவே 93,600, இன்சூரன்ஸ் மத்ததெல்லாம் சேர்த்து ஆன்ரோடு எட்டு அம்பத்தஞ்சு. (டாப் மாடல் ஆசை உள்ளவங்க கவனிங்க, பத்து லட்சத்தைத் தாண்டினா டாக்ஸ் 18 சதவீதம், 9.99-க்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம், 10.10-க்கு ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம், சின்னச் சின்ன வசதிக்காக அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க.)

வித்தியாசம் ஒண்ணு அறுபது, சிட்டிதான் லாபம்னு மச்சான் சொன்னான். அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது என்ன வரும்னு பார்க்கணும்டான்னு சொன்னேன். இன்னிக்கு மார்க்கெட்ல பழைய வண்டிங்களுக்குச் சொல்ற விலையை வச்சு என் கணிப்பு, அஞ்சு வருஷ டிசையர் அஞ்சு லட்சம் வரும், அப்ப பன்னெண்டு வயசான சிட்டி மூணு வரும். டிசையர்ல மூணு அம்பத்தஞ்சு போச்சு, மூணு லட்சம் லோன் 9 சதவீதத்துல அஞ்சு வருஷத்துக்கு வட்டி 74,000, ஆக நாலு இருபத்தொன்பது. சிட்டியில மூணு தொண்ணூத்தஞ்சு போச்சு, பெட்ரோல் வருஷத்துக்கு 19,400 கூடுதல், அஞ்சு வருஷத்துக்கு 97,000, பழைய வண்டி லோன் 13 சதவீதத்துல ஒண்ணரை லட்சத்துக்குள்ள மூணு வருஷத்துக்கு எடுத்தாலும் முப்பதாயிரம் வட்டி. அஞ்சே காலுக்கு வந்து நிக்குது, இன்னும் ரிப்பேர் எதுவும் சேர்க்கல. கிட்டத்தட்ட ஒரு லட்சம் டிசையர்தான் மிச்சம்.

அதே சிட்டி அஞ்சு லட்சத்துக்குக் கிடைச்சா? லோன் கிட்டத்தட்ட வேண்டாம், வாங்கிச் சரி பண்ணி அஞ்சு எழுபது, வித்தா மூணு, பெட்ரோல் கூடுதல் 97,000, மூணு அறுபத்தேழுலயே நின்னுடும், சின்னச் சின்ன ரிப்பேர் போட்டாலும் டிசையரை விடக் கம்மி, அதுவும் பெரிய வண்டி. அதனால 2018 சிட்டிக்கு என் கோடு அஞ்சே கால், மிஞ்சிப் போனா அஞ்சரை, அதுக்கு மேல குடுக்காதீங்க. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறவங்க சிட்டிப் பக்கமே வராதீங்க, பெட்ரோல் சாப்பிட்டுடும்.

அந்த ரிட்டயர் ஆன ஐயாகிட்ட அஞ்சே காலுக்குக் கேட்டோம், ரெண்டு தடவை வீட்டுக்கே போய்ப் பேசினோம், காபி எல்லாம் குடுத்தாங்க, ஆறுக்குக் கீழ வரல. அவர் வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டவர், அவர் கேக்கிறது அவருக்குச் சரி, நமக்குத்தான் கட்டுப்படியாகல.

யாராவது அந்த விலைக்கு வாங்கினீங்கன்னா ஒண்ணு சொல்றேன், பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கி வச்சுட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுடாதீங்க. ஆர்சியில யார் பேரோ அவங்கதான் ஓனர்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, விபத்து ஆனா வித்தவரைத் தேடி வரும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள மாத்தணும், அவரோட நோ கிளைம் போனஸ் அவரோடவே போயிடும், உங்களுக்கு வராது. லோன்ல இருந்த வண்டின்னா ஹெச்பி (பேங்க் அடமானப் பதிவு) கேன்சல் ஆனதை ஆர்சியிலயே பார்த்துட்டு பணம் குடுங்க, பேங்க் லெட்டர் மட்டும் போதாது.

நாலு சிலிண்டரும் வேணும், புதுசாவும் வேணும்னா அமேஸ் ஒரு நல்ல வழி, 90 பிஎஸ், அதோட சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் டிசையரோட ஏஎம்டியை (மேனுவல் கியரையே தானா மாத்துற ஆட்டோமேட்டிக்) விட ரொம்ப மென்மை, டிக்கி 416 லிட்டர். விலை கூட, மேனுவல்ல கம்பெனி மைலேஜே 18.65-தான். டவுன்ல ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவேன்னா நான் அமேஸைத்தான் சொல்வேன். மச்சான் மேனுவல் ஆளு.

டிசையரை புக் பண்ணிட்டான். டெலிவரிக்கு முன்னாடி, நம்பர் போடுறதுக்கும் முன்னாடி, யார்டுக்கே போய் அந்த வண்டியைப் பார்த்தோம், அதுக்கு அப்புறம் பார்த்து பிரயோஜனம் இல்லை, பதிவாயிட்டா திருப்ப முடியாது. தயாரிச்ச மாசம், சேசிஸ் நம்பர், டயர் வாரம், மீட்டர் 38 கிலோமீட்டர், பின் பம்பர் ஓரத்துல ஒரு சின்ன கீறல் இருந்தது, அதை எழுதி வாங்கி மாத்திக் குடுக்கச் சொன்னோம், நாலு நாள் கழிச்சு வேற வண்டியே காட்டினாங்க. வண்டி வந்த அன்னிக்கு அத்தை பின்னாடி உக்காந்து காலை நீட்டிப் பார்த்தாங்க. நீட்ட வரல. முன் பயணி சீட்டை முழுசாப் பின்னாடி தள்ளி, இனிமே அத்தை முன்னாடிதான்னு முடிவாயிடுச்சு, மச்சான் பொண்டாட்டி பிள்ளைங்களோட பின்னாடி.