நான்கு தடங்களில் பத்துப் பகுதிகள்: டாஸ்காம் 424 மார்க் 3

கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் போர்ட்டாஸ்டுடியோ வரிசையை டாஸ்காம் நிறுவனம் 1979-இல் 144 என்ற கருவியுடன் தொடங்கியது. அந்த வரிசையில் பிற்காலத்தில் வந்த 424 மார்க் 3 கருவியைப் பழைய பொருளாக வாங்கி, ஈராண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நான்கு தடங்கள் எதற்குப் போதும் என்று கேட்பவர்கள், பல தடங்களைக் கலந்து ஒரே தடத்தில் ஏற்றும் பவுன்ஸ் முறையை வைத்தே இதை எடைபோட வேண்டும்.

முதல் மூன்று தடங்களில் பதிந்தவற்றின் ஒலியளவைச் சரிசெய்து, அவற்றைக் கலந்து நான்காவது தடத்தில் ஏற்றிவிட்டால், அந்த மூன்றும் புதிய பதிவுகளுக்குக் காலியாகிவிடும். ஏற்றும்போது அந்த மூன்று சேனல்களின், ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பேன் குமிழ்களையும் வலக்கோடிக்குத் திருப்பிவிட்டு, நான்காவது சேனலின் ஒலியளவுத் தள்ளுகோலான ஃபேடரை அடிவரை இறக்கி வைக்க வேண்டும். இறக்க மறந்தால், ஒலி தன்னுள்ளேயே சுற்றி ஊளையிடத் தொடங்கும்.

கலக்கும் அதே நேரத்தில் ஒரு கருவியை நேரடியாக வாசித்தும் சேர்க்க முடிவதை நான் பெரிய வரமாகவே கருதுகிறேன். மூன்று பதிவுகளும் ஒரு நேரடி வாசிப்பும் சேர்ந்து நான்காம் தடத்தில் நான்கு பகுதிகள் அமைகின்றன. பிறகு முதல் இரண்டு தடங்களில் பதிந்து, இன்னொரு வாசிப்புடன் மூன்றாம் தடத்தில் ஏற்றினால் மூன்று பகுதிகள். முதல் தடத்தில் மட்டும் பதிந்து, மற்றொரு வாசிப்புடன் இரண்டாம் தடத்தில் ஏற்றினால் இரண்டு. கடைசியில் எஞ்சும் முதல் தடத்தில் ஒன்று. ஆகப் பத்துப் பகுதிகள் கிடைத்தும், எந்தப் பதிவும் ஒருமுறைக்கு மேல் படியெடுக்கப்படுவதில்லை.

படியெடுக்கும்போது உச்ச ஒலிகள் சற்று மங்கும், நாடாவின் இரைச்சல் கூடும். இரைச்சலை டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பு வசதி பெரிதும் அடக்கிவிடுகிறது. மங்கலை ஈடுசெய்ய, ஏற்றும்போதே டிரெபிளைச் சிறிது உயர்த்திக்கொள்கிறேன். விநாடிக்கு 9.5 செ.மீ. என்ற இரட்டை வேகத்தில் ஒலி தெளிவாக இருப்பதால் அதையே எப்போதும் தேர்ந்தெடுக்கிறேன். அந்த வேகத்தில் 60 நிமிடக் கேசட் 15 நிமிடமே ஓடும். நான்கு தடங்களும் நாடாவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதால், கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் பதியவும் முடியாது.

ஏற்றிய கலவையைப் பிரிக்கவே முடியாது என்பதை ஒரு பாடலைப் பறிகொடுத்துத்தான் நான் உணர்ந்தேன். ஹெட்போனில் மட்டும் கேட்டு பேஸ் கிட்டாரைத் தாராளமாகக் கலந்தேன். மூல தடங்களின் மேல் குரலையும் பதிந்துவிட்ட பின்னர் ஒலிபெருக்கியில் கேட்டபோது, தாளம் முழுவதும் அந்தக் கனத்தில் அமுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து துணைக் கிட்டாரையும் கூட்டுக் குரல்களையும் முதலில் ஏற்றுகிறேன். பேஸையும் தலைமைக் குரலையும் கடைசிவரை தனியே வைத்துக்கொள்கிறேன். வீட்டில் பொறுமையாகப் பாட்டமைப்பவர்களுக்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும் முன் நீண்ட சுரம் ஒன்றைப் பதிந்து திரும்பக் கேளுங்கள்; அது நடுங்கினால், நாடாவை ஓட்டும் பெல்ட்டை மாற்றும் செலவையும் கணக்கிட்டே விலை பேசுங்கள்.