படகும் மோட்டாரும் சேர்ந்த ‘செட்’ வாங்கப் போகிறவர்களுக்கு

காற்றடிக்கும் படகு, பெட்ரோல் மோட்டார், துடுப்பு, பம்ப் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று ஆன்லைனில் விற்கும் ஒரு செட்டைப் பற்றிய எச்சரிக்கை இது. விற்ற கடையின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை. அதே படமும் அதே வாசகமும் நாலைந்து கடைப் பெயர்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சரக்கைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும்.

விளம்பரத்தில் இருந்தது: 3 மீட்டர் நீளம், 4 பேர், 0.9 மி.மீ. பிவிசி, அலுமினியத் தரை, 6 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்), மணிக்கு 25 கி.மீ. வேகம். வந்த படகில், மோட்டார் மாட்டும் பின்பலகையில் ஒட்டியிருந்த வில்லையில் 3 பேர், அதிகபட்ச மோட்டார் 3 கிலோவாட் என்று இருந்தது. 3 கிலோவாட் என்பது 4 குதிரைத்திறன். அதாவது, சொன்னபடி அது 6 குதிரைத்திறன் மோட்டாராக இருந்தால், அதே செட்டில் வந்த படகில் அதை மாட்டவே கூடாது. நல்லவேளை, அது 6 இல்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் அந்த வில்லை. காற்றடிக்கும் படகுகளுக்கான தரம் ஐஎஸ்ஓ 6185. அதன் முதல் பகுதி 4.5 கிலோவாட் வரை மோட்டார் வைக்கும் சிறு படகுகளுக்கு, இரண்டாம் பகுதி 4.5 முதல் 15 கிலோவாட் வரை. ஒழுங்கான படகில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ, மோட்டார் எவ்வளவு, காற்றுக் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று நான்கும் இப்படி ஒரு வில்லையிலோ தகட்டிலோ இருக்கும். தனியாக, பின்பலகையில் 14 எழுத்தும் எண்ணுமாகப் படகு அடையாள எண் பதித்திருக்கும். இந்தப் படகில் அந்த எண் இல்லை. அழுத்தம் எழுத வேண்டிய இடம் காலி. வாங்குவதற்கு முன்பே தகட்டின் போட்டோ கேளுங்கள். விளம்பரப் படம் வேண்டாம், கையில் இருக்கும் சரக்கின் போட்டோ. தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

‘3 மீட்டர்’ என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. அது பின்பலகையைத் தாண்டி நீண்டிருக்கும் குழாய் முனைகளையும் சேர்த்த வெளி நீளம். உள்ளே உட்காரக் கிடைப்பது ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் 65, 70 சென்டிமீட்டர் அகலமும்தான். பெரியவர்கள் இரண்டு பேர், பெட்ரோல் கேன், ஒரு பை, அவ்வளவுதான் வசதி. இது ஏமாற்று இல்லை, எல்லோரும் இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் நான்கு பேர் சிரித்துக்கொண்டு போகிற படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

துணி விஷயம் சுத்தமான ஏமாற்று. பழுதுபார்க்கும் பெட்டியில் வந்த ஒட்டுத்துண்டை அளந்தால் சரியாக 0.9 மி.மீ. படகின் துணி 0.7. சந்தேகப்படுகிறவர் கையில் கிடைக்கும் முதல் துண்டை அளப்பார் என்று தெரிந்துதான் அதை வைத்திருக்கிறார்கள். குழாயில் காற்று இல்லாதபோது, ஒட்டு இல்லாத இடமாகப் பார்த்து மடித்து, இரண்டு அடுக்கையும் சேர்த்து வெர்னியர் அளவுகோலால் அளந்து இரண்டால் வகுங்கள். 1.8 வர வேண்டிய இடத்தில் 1.4 வந்தது. 0.7 துணியில் நல்ல படகே கிடையாது என்று சொல்லவில்லை. துடுப்பு போடும் சிறு படகுக்கு அது போதும். மோட்டார் உதைக்கிற படகுக்கு 0.9, உள்ளே 1100 டெசிடெக்ஸ் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) நெசவு, இதற்குக் குறையாமல் பாருங்கள்.

அடுத்தது ஒட்டு. துணிகள் சேரும் இடத்தில் இருக்கும் தைப்புப் பட்டையின் ஓரத்தில் தேன் நிறத்தில் கோந்து வழிந்து காய்ந்திருந்தால், அது கையால் ஒட்டியது. வெப்பத்தால் இணைத்ததில் அப்படி வழியாது. கையால் ஒட்டியதே தப்பு என்பதில்லை. ஹார்டனர் (கோந்தை இறுக வைக்கும் ரசாயனம்) கலந்த இரண்டு-பாகக் கோந்து என்றால் வருடக்கணக்கில் நிற்கும். ஹார்டனர் இல்லாத கோந்து வெயிலில் இளகிவிடும். நம்மூர் சித்திரை வெயிலில் சாம்பல் நிறக் குழாயின் மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பின்பலகையைப் பிடித்திருக்கும் பட்டைதான் முதலில் நகரும், ஏனென்றால் மோட்டாரின் உந்துதல் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. இந்தப் படகில் பின்பலகையின் இடது மூலையில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பட்டை எழும்பியிருந்தது, தண்ணீரையே பார்ப்பதற்கு முன்.

பலகையும் அப்படித்தான். தச்சர்களுக்குத் தெரியும், 710 பிளை வேறு, 303 கமர்ஷியல் பிளை வேறு. மோட்டார் தாங்கும் பலகை இந்தியத் தரமான ஐஎஸ் 710க்கு இணையான கடல் பிளைவுட்டாக, 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வெட்டிய ஓரமும் திருகுத் துளைகளும் எபாக்சி போட்டு அடைத்திருக்க வேண்டும். இங்கே 18 மி.மீ. பலகை, மேலே பெயின்ட் மட்டும். மோட்டாரின் கிளாம்ப் திருகைக் கையால் இறுக்கியதுமே பலகை உள்வாங்கியது. தண்ணீர் வடிப்பதற்கான துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மர அடுக்குகள் பூச்சில்லாமல் தெரிந்தால் ஒரு பருவம் கூடத் தாங்காது.

இனி மோட்டார். மேல் மூடியில் ‘6 ஹெச்பி’ என்று ஸ்டிக்கர். மூடியைக் கழற்றினால் புல்வெட்டும் மெஷினின் என்ஜின். சிலிண்டர் ஓரமாக வார்ப்பிலேயே 1இ44எஃப் என்று பதித்திருக்கிறது: ஒரு சிலிண்டர், 44 மி.மீ. விட்டம். அதில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 34 மி.மீ.; கொள்ளளவைக் கணக்குப் போட்டால் 52 சிசி. யமஹாவின் 2 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டே 50 சிசி. 6 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் டொஹாட்சுவில் 123 சிசி, யமஹாவில் 139 சிசி. டூ-ஸ்ட்ரோக் அதே அளவில் கூடுதல் சக்தி தரும் என்பது உண்மைதான், ஆனால் இப்படிப்பட்ட புல்வெட்டும் மெஷினின் 52 சிசி என்ஜினிலிருந்து 6 குதிரையைக் கறக்க முடியாது. இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. விற்பவரிடம் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். சிசி எவ்வளவு, தண்ணீரால் குளிர்கிறதா காற்றாலா, நியூட்ரல் உண்டா, ரிவர்ஸ் உண்டா என்று கேளுங்கள். இந்த மோட்டாரில் ரிவர்ஸ் இல்லை, காற்றால் குளிர்வது.

வேகத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். படகு தண்ணீர்மேல் எழும்பி வழுக்கி ஓடாதவரை அதன் வேகத்தை நீளம்தான் தீர்மானிக்கும். நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீரில் படும் நீளம், இரண்டரை மீட்டர் என்றால் மணிக்கு 7 கி.மீ. சுமார். இரண்டு பெரியவர்களோடு 2 குதிரைத்திறனில் அது எழும்பவே எழும்பாது. 25 கி.மீ. என்றால் படகு எழும்பியே ஆக வேண்டும். ஒரே ஆளை உட்கார வைத்து, முழு திராட்டிலில் போன் ஜிபிஎஸ் வேகத்தை வீடியோ எடுங்கள். 8, 9க்கு மேல் போகாவிட்டால் பின்னால் புகார் கொடுக்க அதுவே நல்ல சாட்சி.

மோட்டார் தண்டின் நீளம் இன்னொரு தலைவலி. சிறு படகுகளின் பின்பலகை உயரம் 38 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். அதற்கு 15 அங்குலக் குட்டைத் தண்டு. 20 அங்குல நீளத் தண்டு 51 சென்டிமீட்டர் பலகைக்கு. இந்த செட்டில் குட்டைப் பலகைக்கு நீளத் தண்டு வந்தது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் கீழே இருந்தால் சரி. இங்கே அது 15 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே போய்விட்டது: இழுவை அதிகம், தண்ணீர் பீய்ச்சும், பழவேற்காடு மாதிரி ஆழமில்லாத இடத்தில் புரொப்பல்லர் சேற்றை உழும். அளக்கும்போது கீல் குழாயில் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் காற்றுக் குழாய்) காற்று நிரப்பிவிட்டு, பலகையின் மேல் விளிம்பிலிருந்து கீலின் அடிவரை அளங்கள். காற்றில்லாமல் அளந்தால் தப்பான எண் வரும்.

கூடவே கொடுத்த ஆயிலில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தது. அது தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கான ஆயில். காற்றால் குளிரும் இந்த என்ஜினுக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தில் எஃப்சி அல்லது எஃப்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில்தான் வேண்டும். கலவை 25க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி., 50க்கு 1 என்றால் 20 மி.லி. கையேட்டில் ஒரு பக்கத்தில் அதுவும் இன்னொரு பக்கத்தில் இதுவும் இருந்தன. கீழே கியர் பெட்டியில் ஆயிலே இல்லை. அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் சில நிமிடத்தில் பல்சக்கரம் போயிருக்கும், பழியும் வாங்கியவர் மேல் விழுந்திருக்கும். கியர் பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் உண்டு. இரண்டையும் கழற்றி, கீழ்த் துளை வழியாக மேல் துளையில் வழியும்வரை ஆயிலை ஏற்றி, மேல் திருகை முதலில் மூடிவிட்டு அப்புறம் கீழே மூட வேண்டும். புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் ‘பின்’னுக்குப் பதிலாக வெட்டிய ஆணி போட்டிருந்தார்கள். புரொப்பல்லர் கல்லில் மோதினால் முறிந்து கியரைக் காக்க வேண்டியது அந்தப் ‘பின்’. முறியாத ஆணி கியரை முறிக்கும். கையில் மாட்டும் அவசர நிறுத்தக் கயிறு செட்டிலேயே இல்லை. தனியாள் தண்ணீரில் விழுந்தால் படகு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்பலாமே என்றால், அங்கேதான் தந்திரம். திருப்ப 7 நாள். படகுப் பெட்டி முதலில் வரும், மோட்டார் வேறு பார்சலில் தாமதமாக வரும். சேர்த்து மாட்டிப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் படகின் கெடு முடிந்துவிடும். அது வந்த அன்றைக்கே, மோட்டாருக்குக் காத்திராமல், விரித்துப் பாருங்கள்.

மாட்டும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடை அனுப்பிய வீடியோவில் டயர் கடை கம்ப்ரசரால் ஒரு குழாயை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். சிறு படகின் குழாய்க்கு வழக்கமான அழுத்தம் 0.25 பார், அதாவது 3.6 பிஎஸ்ஐ. கம்ப்ரசரில் அதைப் போல பல மடங்கு. குழாய்கள் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும்; ஓர் அறை முழுக்க நிரம்பி அடுத்தது காலியாக இருந்தால், நடுவில் இருக்கும் தடுப்புத் துணி ஒரு பக்கமாகப் புடைத்துக் கிழியும். கிழிந்தால் வெளியே தெரியாது. ஓர் அறையின் காற்றைத் திறந்துவிட்டால் அடுத்ததும் தொய்யும், அப்போதுதான் தெரியும். வீடியோவைப் பார்த்து அப்படிச் செய்தவர்களுக்குக் கடையின் பதில்: “காத்து அதிகமா அடிச்சிட்டீங்க சார், வாரண்டி வராது.”

சரியான வரிசை இது. அடியில் தார்ப்பாய் விரித்து, எல்லா அறைகளையும் பாதி வரை சமமாக நிரப்புங்கள், உருவம் வரும் அளவுக்கு மட்டும். உட்காரும் பலகையை அதன் பட்டையில் இப்போதே கோத்துவிட வேண்டும், பிறகு ஏறாது. தரைப் பலகையில் அமரப் பக்கம் (பின்பக்கம்) ஒன்று, அணியப் பக்கம் (முன்பக்கம்) ஒன்று வைத்து, நடுப் பலகைகள் இரண்டையும் கூரைபோல் நிமிர்த்திப் பிடித்து, முட்டியால் அமுக்கி உட்கார வையுங்கள். பிறகு பக்கவாட்டுச் சட்டங்கள்; படகின் ஒரு பக்கத்தைத் தூக்கி அடியில் துடுப்பைக் கொடுத்தால் சட்டம் சுலபமாக ஏறும். நான்கு சட்டம் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்திருந்தது. சட்டம் இல்லாத தரை அலையில் மடியும், விரல் நசுங்கும். அப்புறம் குழாய்கள் முழு அழுத்தத்துக்கு, கடைசியாகத்தான் கீல். கீலை முதலில் நிரப்பினால் தரைப் பலகை உட்காரவே உட்காராது.

கசிவு பார்க்க, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் வால்வு, தைப்பு, பின்பலகை மூலை எல்லாவற்றிலும் தடவுங்கள். ஒரு ராத்திரி விட்டு அழுத்தமானியில் பார்க்கும்போது வெப்பநிலையைக் கவனியுங்கள். 27 டிகிரியில் 0.25 பார் வைத்த குழாய், வெயிலில் உள்காற்று 47 டிகிரி ஆனால் 0.33 காட்டும். மதியம் நிரப்பி விடியற்காலையில் பார்த்தால் தொய்ந்துதான் இருக்கும், அது கசிவு இல்லை. அதே நேரம், அதே நிழலில் வைத்து ஒப்பிடுங்கள்.

“காற்றடித்த படகைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்பது கடையின் விதி, சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. விற்கும் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடக் கெடு. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிய அன்றே எடுத்து வையுங்கள். புகார் போன பிறகு அந்தப் பக்கத்தில் ‘6 ஹெச்பி’ என்பது ‘6 ஹெச்பி வரை’ என்று மாறியது.

கடைசியில் கடை கொடுக்க முன்வந்தது விலையில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் வாட்ஸப்பில் “திருப்தி, இனி புகார் இல்லை” என்று எழுதிக் கொடுத்தால். அந்த வரியை எழுதாதீர்கள். பணம் கணக்கில் தானாக விழுந்தால், “பகுதித் தொகையாக மட்டும் பெற்றுக்கொள்கிறேன், மீதிக் கோரிக்கை தொடர்கிறது” என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.