முயலுக்குப் பார்லிச் சக்கை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் முயல்களை இறைச்சிக்காக வளர்த்து வரும் நான், பீர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கையைப் பல ஆண்டுகளாக, தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த அடர்தீவனத்தில் கலந்து கொடுத்து வருகிறேன். நொதிக்க வைப்பதற்கு முன்பே வடித்துப் பிரிக்கப்படுவதால் இதில் மது கலந்திருக்குமோ என்று அஞ்சத் தேவையில்லை.

கவனமெல்லாம் ஈரத்தின் மீதே இருக்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் சக்கையில் 75 முதல் 80 சதவீதம் வரை நீர்தான்; 100 கிலோவைக் காயவைத்தால் 25 கிலோ அளவுக்கே தேறும். கோடையில் இரண்டாம் நாளே புளிப்பு வாடை அடித்து, குவியலின் ஓரங்களில் பூஞ்சணம் பூத்துவிடும். பூஞ்சண நச்சு முயலின் ஈரலைத் தாக்கும். தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றவும் அதனால் முடியாது. எனவே வண்டி வந்த அன்றே தார்ப்பாயில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுகிறோம். ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கையைத் திறந்தால் அது கட்டியாக நிற்காமல் பொலபொலவென உதிர வேண்டும். உமியை நகத்தால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். அந்தப் பதம் வராத சக்கையை நான் மூட்டை கட்டுவதில்லை.

உலர்ந்த சக்கையில் புரதம் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கிறது, நார்ச்சத்தும் தாராளம். மாவுச்சத்தின் பெரும்பகுதியை ஆலையே எடுத்துக்கொண்டுவிடுவதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். ஏனெனில் பால்மறந்த குட்டிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்தால், செரிக்காத மாவுச்சத்து குடலின் பிற்பகுதியில் நொதித்துக் கழிச்சலை உண்டாக்கி, ஒரே இரவில் கூண்டையே காலி செய்துவிடும். கடலைப் புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஒரு பங்கைக் குறைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் சக்கையைச் சேர்க்கிறேன். தொடக்கத்தில் முயல்கள் அதை முன்னங்காலால் வாரி வெளியே தள்ளும். சிறிது நீர் தெளித்துப் பிசறி, அன்றன்றே தின்று தீரும் அளவில் வைத்தால் சில நாட்களில் பழகிவிடும். குட்டிகள் மூன்று மாதத்தில் இரண்டு கிலோவை எட்டுவதில் எந்தக் குறையும் காணவில்லை. தீவனச் செலவு கண்கூடாகக் குறைந்தது. பங்கை மூன்றில் ஒன்றுக்கு மேல் உயர்த்தியபோது மட்டும் வளர்ச்சி மந்தமானது.

சக்கையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஆகவே பால் கொடுக்கும் தாய் முயல்களுக்குத் தாது உப்புக் கலவையும் வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனத் தழையும் கட்டாயம் தேவை. பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், மென்று தேய்க்க நீண்ட நாருள்ள புல்லும் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். நொறுங்கிய உமி அதற்கு ஈடாகாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஈரச் சக்கையை வாங்குவதில்லை. கையிருப்பு தீரும் முன்பே ஒரு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்துப் புண்ணாக்குக்கு மாற்றிவிடுகிறேன். தீவனத்தைத் திடீரென மாற்றினாலும் முயலின் குடல் தாங்காது.