கவ்விக்கொண்ட கேலிப்பர்: கிரீஸ் போதுமா, கிட் போடலாமா, பழசா, புதுசா?

எங்கள் வீட்டு சான்ட்ரோ 2006ஆம் ஆண்டு வண்டி. திண்டிவனத்திலிருந்து சென்னை திரும்பும் வழியில், பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. அதற்கு முன்பிருந்தே வண்டி இடது பக்கம் இழுத்தது; டயரில் காற்று குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் கையே கொண்டுபோக முடியவில்லை. இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று போனது. வலது சக்கரம் லேசாக வெதுவெதுத்தது, அவ்வளவுதான்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பேடுகளால் இறுக்கிப் பிடித்து நிறுத்துவது கேலிப்பர். அது கவ்விக்கொண்டு விடாமல் நிற்கிறது போலிருந்தது. ஊர் வந்து சேர்ந்ததும் மூன்று மெக்கானிக்குகளிடம் கேட்டேன். கேலிப்பர் வழுக்கி நகர உதவும் 'பின்' என்ற கம்பியைக் கழற்றி கிரீஸ் வைத்தால் போதும் என்றார் ஒருவர். புதுப்பேட்டையில் பழைய கேலிப்பர் கிடைக்கும், மாட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். புதுசு வாங்காமல் இதில் கை வைக்கவே மாட்டேன் என்றார் மூன்றாமவர். சீல் கிட், அதாவது கேலிப்பரின் ரப்பர் பாகங்களை மட்டும் புதுசாகப் போடுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கவும் யாரும் கேட்கவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

எது மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் எந்த வழிக்கும் காசு போடக் கூடாது. சோதனை எளிது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். சக்கரம் கவ்விய நிலையில் இருக்கும்போதே கேலிப்பரில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் குற்றவாளி பெரும்பாலும் கேலிப்பர் இல்லை, அதற்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஊறிப் புடைத்து வழியை அடைத்திருக்கும். கால் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. இது தெரியாமல் கேலிப்பரை மாற்றிவிட்டு, மறுபடி அதே வாடையோடு நிற்பவர்கள் உண்டு. இரண்டு முன் சக்கரங்களும் சேர்ந்து கவ்வினால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால், மாட்டியிருப்பது அந்தப் பின், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன். பேடுகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று நன்றாக இருந்து மற்றது வழித்துத் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ முதலில் பின்னைச் சந்தேகப்படலாம். பின் கையாலேயே வழுக்கி நகர வேண்டும். அது சரியாக இருந்தும், சி கிளாம்ப் வைத்து அழுத்தினால் பிஸ்டன் முரண்டு பிடிக்கிறது என்றால் நோய் பிஸ்டனில்.

பின் மட்டும்தான் என்றால் முதல் மெக்கானிக் சொன்னது சரி. அரை மணி நேர வேலை, செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் என்ன கிரீஸ் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸ் பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பரை உப்ப வைக்கும். சில மாதத்தில் பின் முன்னைவிட இறுகும். சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். டப்பா கடையில் கிடைக்கிறது, நீங்களே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பிஸ்டன் என்றால், என் ஓட்டு கிட்டுக்குத்தான். காரணம் கேலிப்பர் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சீல் என்ற, சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது வளையம் அதோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னிழுக்கும். அந்த ரப்பர் விறைத்துப்போனாலோ, பிஸ்டனில் துரு ஏறினாலோ பேடு டிஸ்கை விடாது. ஆக, கெட்டுப்போவது பெரும்பாலும் சில நூறு ரூபாய் ரப்பர். அதற்காக முழு இரும்பையும் தூக்கிப் போடுவானேன்?

என் வண்டியில் பிஸ்டனில் தூசு படாமல் மறைக்கும் ரப்பர் பூட் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. அதற்கு நேர் உள்ளே, பிஸ்டனின் குரோம் பூச்சில் மிளகு தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள். நகத்தை ஓட்டினால் தட்டியது. நகம் தட்டினால் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, பிஸ்டனையே மாற்ற வேண்டும். சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்த துருவையும் விடாமல் சுரண்ட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர் கையில் கிட் கொடுத்தால் பலன் இல்லை. ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள். பிரேக் ஆயிலைத் தடவியே மாட்ட வேண்டும்.

பழைய கேலிப்பரை நான் கடைசியில்தான் வைப்பேன். நம் வண்டி அளவுக்கே வயதான இன்னொன்றைத்தான் வாங்கப்போகிறோம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். திறந்தால் எப்படியும் கிட் போட வேண்டும். அப்புறம் நம்முடையதற்கே போட்டால் என்ன? உற்பத்தி நின்று, புதுசே கிடைக்காத வண்டிகளுக்கு மட்டும் இது கைகொடுக்கும். அப்போதும் இடது வலது பார்த்து வாங்குங்கள். பக்கம் மாறினால் நிப்பிள் கீழே போய்விடும். எவ்வளவு பம்ப் அடித்தாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.

புதுசுக்கு ஆயிரங்களில் ஆகும். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரே அரித்திருந்தால், அல்லது நிப்பிள் உள்ளுக்குள் முறிந்துவிட்டால் யோசிக்காமல் புதுசு வாங்குங்கள். பொறுமையாகக் கிட் போடும் ஆள் பக்கத்தில் இல்லாதவர்களுக்கும் அதுவே நல்லது. பில் கொடுக்கும் கடையாகப் பாருங்கள், பிரேக்கில் போலி வேண்டாம். ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்களையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

எந்த வழியானாலும் பேடு இரண்டு பக்கமும் புதுசாகப் போட வேண்டும். பிரேக் ஆயிலும் முழுசாக மாற வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஆயில். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140தான். கவ்விய சக்கரத்தின் சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும்.

நான் இடது பக்கத்துக்கு கிட்டும் பிஸ்டனும், இரண்டு பக்கமும் ஹோஸும் பேடும் போட்டேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு, முன் சக்கரங்கள் இரண்டின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரே வெதுவெதுப்பு.