பழைய நோட்டிலிருந்து ஒரு கதை: செப்பனிடுவதா, சேர்த்துத் தைப்பதா, புதிதாக எழுதுவதா?

எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பழைய குவியல் இருக்கும். பாதியில் நின்ற கதை, நாலு வரியோடு முடிந்துபோன கவிதை, யார் பேசினார்கள் என்பதே மறந்துவிட்ட ஓர் உரையாடல். என் குவியலை எடுத்துவைத்துக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்தேன். மூன்று வழிகளிலும் முயன்று பார்த்ததில், எது எதற்கு உதவும் என்று இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது.

முதலில் செப்பனிடுவது. எல்லோரும் இதில்தான் தொடங்குவோம். என் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: “கண்ணீர் ததும்பிய விழிகளோடு, சொல்லொணாத் துயரம் நெஞ்சை அழுத்த, பஸ் நகர்ந்த பிறகே அவள் மெல்லக் கையசைத்தாள்.” கண்ணீரையும் துயரத்தையும் எடுத்துவிட்டால், “பஸ் நகர்ந்த பிறகுதான் அவள் கையசைத்தாள்.” நல்ல வரிதான். இதேபோல மூன்று பக்கத்தையும் ஒரே நாளில் சுத்தம் செய்துவிட்டேன். ஆனால் கதை அன்று எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது. அவள் ஏன் அவ்வளவு நேரம் கையசைக்காமல் இருந்தாள் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியவில்லை. கதை நின்றதே அதனால்தான். வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தவரை அந்தக் கேள்வி என் முன்னால் வரவேயில்லை.

கவிதைக்கு மட்டும் செப்பனிடுவதே சரி. ஒரு வரியின் ஓசை அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை மறந்துவிட்டுத் திரும்ப எழுதினால் வேறு ஏதோ வந்து நிற்கும். ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் 1935இல் தன் நாடகம் ‘மர்டர் இன் த கதீட்ரல்’ உருவானபோது அதில் சேராமல் ஒதுக்கிய வரிகளைத் தூக்கிப் போடவில்லை. அவற்றிலிருந்துதான் ‘பர்ன்ட் நார்ட்டன்’ வளர்ந்தது. பின்னால் வந்த நான்கு நெடுங்கவிதைகளின் வரிசைக்கு அதுவே முதல் கவிதை.

அடுத்தது சேர்த்துத் தைப்பது. பல துணுக்குகளை ஒரே கதைக்குள் கொண்டுவருவது. அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் இதில் கைதேர்ந்தவர். 1939இல் வந்த ‘தி பிக் ஸ்லீப்’ நாவலை, பத்திரிகைகளில் முன்பே வெளியான தன் சிறுகதைகளைப் பிரித்துச் சேர்த்துத்தான் எழுதினார். அதைப் படமாக எடுத்தபோது, கதையில் வரும் கார் ஓட்டுநரைக் கொன்றார்களா, அவரே செத்தாரா என்று படக்குழு தந்தி அடித்துக் கேட்டது. தனக்கும் தெரியவில்லை என்றார் சாண்ட்லர். அவ்வளவு தேர்ந்த கைக்கே ஒரு நூல் விட்டுப்போயிருக்கிறது. சாண்ட்லரிடம் இருந்ததோ முழுக்கதைகள், அதுவும் ஒரே குரலில். என்னிடம் இருந்தவை வெவ்வேறு வயதில் எழுதியவை. மருத்துவமனை இரவு ஒன்று, ரயில் பயணம் ஒன்று, வீடு காலி செய்வது ஒன்று. மூன்றிலும் ஒரே பெயரை வைத்து இணைத்தேன். ரயிலில் பக்கம் பக்கமாகப் பேசுகிறவன் மருத்துவமனைக்குப் போனதும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். அதற்குக் காரணம் காட்ட இன்னொரு காட்சி, அதைத் தாங்க மற்றொன்று என்று இழுத்துக்கொண்டே போனது. இரண்டரை மாதத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன். நமக்கு ரொம்பப் பிடித்த வரியைக் காப்பாற்றத்தான் இந்த வழிக்குப் போகிறோம் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரிக்கு இடம் கொடுக்க மொத்தக் கதையும் வளைய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பழையதை மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. உரைநடைக்கு என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957இல் முடித்த கைப்பிரதியில் கதாநாயகி வளர்ந்த பெண். குழந்தைப் பருவ நினைவுகள் இருக்கும் பகுதியில்தான் உயிர் இருக்கிறது என்று அவருடைய எடிட்டருக்குப் பட்டது. லீ அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப எழுதி, 1960இல் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ வந்தது. பழைய கைப்பிரதி 2015இல்தான் தனி நூலாக வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், செப்பனிட்டு மட்டும் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வந்திருக்கவே முடியாது என்று புரியும்.

நான் செய்தது இவ்வளவுதான். காலையில் அந்தப் பஸ் துணுக்கை ஒரு தடவை வாசித்தேன். நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாயங்காலம் வெற்றுத்தாளோடு உட்கார்ந்தேன். மூன்று பக்கத்தில் நினைவில் நின்றது அந்தக் கை மட்டும்தான். எழுத எழுத, காரணமும் தானாக வந்தது. முன்னாலேயே கையசைத்திருந்தால் அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிடுவான். அவன் போகவேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். நோட்டில் எழுதிய வயதில் எனக்கு இது தெரிந்திருக்காது. இரண்டு வாரத்தில் கதை முடிந்தது.

துணுக்காகவே விட்டுவிடுவதும் ஒரு வழி. போர்ச்சுகல் எழுத்தாளர் ஃபெர்னாண்டோ பெசோவா 1935இல் இறந்தபோது ஒரு பெட்டி நிறையத் தாள்களை விட்டுப்போனார். அவற்றிலிருந்து தொகுத்த ‘தி புக் ஆஃப் டிஸ்குவைட்’ 1982இல்தான் நூலானது. தொகுப்பாளருக்குத் தொகுப்பாளர் வரிசையும் மாறுகிறது. அப்படித் தனியே நிற்கிற துணுக்குகள் என் குவியலில் இரண்டே இரண்டுதான் தேறின. அவற்றைத் தொடவில்லை.

எந்த வழியானாலும் பழைய பிரதியின் மேலேயே அடித்துத் திருத்தாதீர்கள். ஒரு நகல் எடுத்து, எழுதிய வருடத்தைக் குறித்து, தனியாக வைத்துவிடுங்கள். அந்த மருத்துவமனை இரவின் மூலத்தை நான் அப்படி வைக்கவில்லை. தைப்பதற்காக வெட்டிய பத்திகள் எவையென்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.